அந்த வரியை மடித்தது யார்?

அத்தியாயம் 9

காலை பதினொரு மணிக்கு அந்தக் கம்பெனி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது குறடின் கையில் இருந்தவை இரண்டே இரண்டு. ஐந்து மணி நேரமும் ஒரு தாளும்.

நாலு மணிக்கு மூன்றாம் மாடியில் ஒரு புரோகிராமர், ‘தவறு என்னுடையது, என்னுடையது மட்டுமே’ என்று டைப் அடித்த காகிதத்தில் கையெழுத்துப் போடப்போகிறான். போட்டதும் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போகும். அவனுக்கு ஆறு வயதில் ஒரு மகள். அவன் செய்திருக்கவே மாட்டான், வேறு எவனோ செய்துவிட்டு அவன் தலையில் கட்டிவிட்டான் என்று அடித்துச் சொல்கிறவள் அவன் மனைவி. அவளும் அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள், தரைத் தளத்தில். கேஸை நேற்றுக் கொண்டுவந்தவள் அவள்தான்.

குறடு என்பது பட்டப்பெயர். இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன கிடங்குகளில் சாம்பலைக் கிளறியவள். பிடித்தால் விடமாட்டாள் என்று அங்கே யாரோ வைத்த பெயர், வேலையை விட்ட பிறகும் கூடவே வந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயது, முழங்கால் வலி. உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்காகச் சந்தோஷப்பட்ட ஒருத்தரையும் அவள் இன்றுவரை பார்த்ததில்லை. அவளுடைய உதவியாளன் லொள்ளு. முப்பத்தைந்து வயசு ஆள். இரண்டு வருடம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டு, வாயால் கெட்டு வெளியே வந்தவன். அந்த வாய் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

விஷயம் இதுதான். இந்தக் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து பம்ப் தயாரித்துக் கொடுக்கிறது. ஆபரேஷன் முடிந்தவர்களின் கையில் ஊசியைக் குத்தி, வலி மருந்தைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடுகிற பெட்டி. ஒரு ஆஸ்பத்திரியில், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஒரு பஸ் டிரைவருக்கு அதை மாட்டினார்கள். அன்று காலையில் மூன்று தடவை கரண்ட் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் பம்ப் தூங்கி எழுந்து, முன்னால் கொடுத்ததையெல்லாம் மறந்துவிட்டு, முழு அளவையும் முதலிலிருந்து கொடுத்தது. மத்தியானத்துக்குள் டிரைவர் போய்விட்டார். கம்பெனி பம்புக்குள் இருந்த புரோகிராமைத் துருவிப் பார்த்தது. ஒரே ஒரு வரியில் பிழை. அந்த வரியின் மேல் இருந்த பெயர் இவனுடையது.

கம்பெனி வாசலுக்கு எதிரே, பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில், செத்துப்போன டிரைவரின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு நாளாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். கோஷம் கிடையாது, தட்டி கிடையாது. மடியில் தம்பியின் படம், பக்கத்தில் ஒரு துணிப்பை, அவ்வளவுதான். குறடும் லொள்ளும் பக்கத்தில் வந்தபோது, உட்கார வருகிறார்கள் என்று நினைத்து அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார். குறடு தலையை ஆட்டிவிட்டு ரோட்டைக் கடந்தாள். அவளால் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கையிலிருந்த தாள், புரோகிராமரின் மனைவி டைப் அடித்துக் கொடுத்தது. அந்த வரியில் கைவைக்க வாய்ப்பிருந்த ஆறு பேருடைய பட்டியல். லொள்ளு அதை எட்டிப் பார்த்தான். முதல் பெயரைத் தவிர மற்ற ஐந்தும் உள்ளே தள்ளி, ஒவ்வொன்றும் காற்புள்ளியில் ஆரம்பித்திருந்தன.

“என்ன மேடம் இது, கமாவெல்லாம் முன்னாடி வந்து நிக்குது. பஸ்ல சீட்டுப் பிடிக்கப் போகுதா?”

“புருஷன் உள்ள போகப்போறான்னு அழுதுக்கிட்டே அடிச்ச லிஸ்ட்டு. நீ அதுல அழகு பாக்காத,” என்றாள் குறடு. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வாசல் காவலாளி பெரிய நோட்டு ஒன்றை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். குறடு போட்டாள். போட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் பழைய பக்கங்களைப் புரட்டினாள். பழைய தொழில் புத்தி, எந்த நோட்டைக் கண்டாலும் பின்னால் புரட்டிப் பார்க்கவேண்டும். நாலு மாதத்துக்கு முன், அந்த வரி உள்ளே போன வெள்ளிக்கிழமை. புரோகிராமர் வெளியே போன நேரம் மூணு பத்து. திரும்பி வந்ததாகக் குறிப்பு இல்லை. காவலாளி நோட்டைப் பிடுங்குவதற்குள் அவள் பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டாள். அப்படித்தான் அவள் நினைத்தாள்.

மூன்றாம் மாடியில் சட்ட ஆலோசகர் காத்திருந்தார். சாம்பல் நிற கோட்டு, நல்ல தேன் குரல். குடும்பத்தின் சார்பில் வந்தவர்கள் பிழையைப் பார்க்க முப்பது நிமிடம். போன் கூடாது, பிரிண்ட் கூடாது, பென்சிலும் நோட்டும் சரி. மனைவியை ஏன் இதுவரை இந்த வரியைப் பார்க்க விடவில்லை என்று குறடு கேட்டாள். உணர்ச்சிவசப்படுவார்கள் என்றுதான் மேடம் என்று அவர் ரொம்ப அக்கறையாகச் சொன்னார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அறையில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு நாற்காலியும் இருந்தன. குறடு உட்கார்ந்தாள், லொள்ளு நின்றான். பிழையான இடத்தை மஞ்சள் நிறத்தில் காட்டி வைத்திருந்தார்கள். லொள்ளு அதைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் வாயே திறக்கவில்லை. அவன் வாயை மூடினால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

“இது ஒரே வரி மேடம். ரெண்டா மடிச்சிருக்காங்க.”

பிறகு அவன் விளக்கினான். இந்த ஆபீசில் ஒரு சட்டம் உண்டு. ஒரு வரியில் எண்பது எழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது. முந்தைய காலத்து ஸ்க்ரீனில் எண்பதுதான் கொள்ளும். இப்போது ஸ்க்ரீன் கதவு மாதிரி அகலமாகிவிட்டது, சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. எண்பத்தொன்று ஆனால் சிவப்புக் கோடு விழும், எழுதியதை உள்ளே எடுத்துக்கொள்ளாது. அதனால் நீளமான வரியை ஒடித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கே ஒடிப்பது, எத்தனை இடம் உள்ளே தள்ளுவது என்பதில் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பழக்கம். அந்தப் பழக்கத்துக்காக உயிரையே விடுவார்கள். அவனுடைய பழைய ஆபீசில் இரண்டு பேர் இந்தச் சண்டையில் ஒருத்தருக்கொருத்தர் கல்யாணப் பத்திரிகைகூடக் கொடுத்துக்கொள்ளவில்லை.

குறடு பென்சிலை எடுத்து, லொள்ளு சொல்லச் சொல்ல அந்த வரியை நோட்டில் நமக்குப் புரிகிற பாஷையில் எழுதிக்கொண்டாள். உள்ளே தள்ளிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புள்ளி வைத்தாள். எட்டுப் புள்ளி வந்தது.

கொடுக்க வேண்டியது = டாக்டர் சொன்னது
. . . . . . . . − ஏற்கெனவே உள்ளே போனது

“கணக்கு சரியாத்தானே இருக்கு? சொன்னதுலேர்ந்து போனதைக் கழிக்குது.”

“உங்களுக்கும் எனக்கும் சரி. அந்த மெஷினுக்கு வரி முடிஞ்சா பேச்சு முடிஞ்சுது. மைனஸ் மேல் வரியோட கடைசில நின்னா, ‘ஓ, இன்னும் இருக்கு போல’ன்னு அடுத்த வரியையும் படிக்கும். இங்க மைனஸ் கீழ போயிடுச்சு. மேல் வரி முழுசா முடிஞ்ச மாதிரி இருக்கு. டாக்டர் சொன்னதை அப்படியே குடுத்துடும். கீழ் வரியைத் தனியா படிச்சு, ‘சரி, அதுக்கென்ன இப்போ’ன்னு கீழ போட்டுடும். தப்புன்னு கத்தக்கூடக் கத்தாது.”

டெஸ்ட் பண்ணவில்லையா என்று குறடு கேட்டாள். பண்ணியிருப்பார்கள், ஆனால் புது பம்பில் பண்ணியிருப்பார்கள் என்றான் லொள்ளு. புது பம்பில் ஏற்கெனவே உள்ளே போனது சைபர். சைபரைக் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் விடை ஒன்றுதான். ஆஸ்பத்திரியில், கரண்ட் போய் வந்த படுக்கையில்தான் வித்தியாசம் தெரியும்.

குறடுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. மனுஷன் தெரியும். அந்தப் புரோகிராமர் இதுவரை மடித்த வரிகளையெல்லாம் எடு என்றாள். லொள்ளு தட்டினான். நானூற்றுப் பன்னிரண்டு வந்தன. ஓட ஓட இரண்டு பேரும் பார்த்தார்கள். கூட்டலோ கழித்தலோ காற்புள்ளியோ, நானூற்றுப் பன்னிரண்டிலும் அது மேல் வரியின் கடைசியில்தான் நின்றது. அடுத்த வரி நாலே இடம் உள்ளே தள்ளியிருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

“ஒருத்தன் நானூறு தடவை செருப்பை ஒரே மாதிரி கழட்டி வைக்கிறான். ஒரு தடவை மட்டும் அது வேற மாதிரி கிடக்குன்னா, அதைக் கழட்டினது அவன் கால் இல்ல,” என்றாள் குறடு. “இது எப்ப உள்ள போச்சு பாரு.”

வெள்ளிக்கிழமை, மூணு முப்பத்திரண்டு.

லொள்ளு ஒரு விசில் அடித்தான். மூணு பத்துக்கு வாசலைத் தாண்டிய மனிதன் மூணு முப்பத்திரண்டுக்கு மூன்றாம் மாடியில் எப்படி வரி மடிப்பான்? கம்பெனிக்காரர்கள் வாசல் நோட்டையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரு பெயர், அது கிடைத்துவிட்டது. குறடுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு நிரபராதியை வெளியே கொண்டுவரப் போகிறோம் என்று உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது. அதை அவள் பிறகு நினைத்து நினைத்து வெட்கப்பட்டாள்.

பட்டியலில் முதல் பெயர் டீம் லீடர். ஆபீசே அவரை ‘எண்பது’ என்றுதான் கூப்பிடும். சட்டத்தைக் கொண்டுவந்ததே அவர். அவருக்கும் தன் புருஷனுக்கும் ஆகாது, இந்த எண்பதை எடுத்துத் தொலையுங்கள் என்று மீட்டிங்கில் புருஷன் சண்டை போட்டான், அந்தக் கோபத்தில் அவர்தான் செய்திருப்பார் என்பது மனைவியின் கட்சி.

சாப்பாட்டுக்குப் போயிருந்த எண்பது இரண்டு மணிக்குத்தான் திரும்பி வந்தார். ஒல்லியான மனிதர். சட்டையில் பேனா, சீப்பு, இன்னொரு பேனா. குறடு நோட்டை அவர் முன்னால் தள்ளினாள். அதில் கூட்டலும் கழித்தலுமாக ஒரு நீளமான வரி எழுதியிருந்தது. இதை எண்பதுக்குள் மடித்துக் காட்டுங்கள் என்றாள்.

எண்பது சிரித்தார். ஆள் முட்டாள் இல்லை. என் கைப்பழக்கத்தைப் பார்க்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே மடித்தார். கூட்டல் குறி மேல் வரியின் கடைசியில் நின்றது, நாலு இடம் உள்ளே.

“உஷாரா மாத்தி எழுதுறாரு மேடம்,” என்று லொள்ளு காதோரமாகச் சொன்னான்.

குறடு சுவரைக் காட்டினாள். ஏழு வருடத்துக்கு முன் எண்பதே டைப் அடித்துச் சட்டம் போட்டு மாட்டிய விதிமுறைகள், முப்பத்தாறு. நீளமான விதிகள் எல்லாமே மடிக்கப்பட்டிருந்தன, எல்லாமே வரிக் கடைசியில், எல்லாமே நாலு இடம். நாலு மாதத்துக்கு முன் செய்த தப்பை மறைக்க ஏழு வருடத்துக்கு முன்பே யாரும் சுவரில் ஆணி அடிக்க மாட்டார்கள். ஆள் இவர் இல்லை.

அப்போதுதான் எண்பதின் குரல் இறங்கியது. அந்த வரியை அங்கீகரித்தவர் அவர். படித்தீர்களா என்று குறடு கேட்டாள். அவர் சீப்பை எடுத்து, மறுபடியும் சட்டையில் வைத்தார்.

“சிவப்புக் கோடு இல்ல. எழுபத்தெட்டு எழுத்து. பாஸ் பண்ணிட்டேன்.”

எத்தனை எழுத்து என்று பார்த்தவர் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. இந்த மனிதர் பதினெட்டு நாளாக அதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு காலையில் வந்து மாலையில் போகிறார். குறடு அதற்குமேல் அவரைக் குத்தவில்லை. மைனஸைக் கீழ் வரித் தலையில் வைக்கிற பழக்கம் யாருக்கு என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் மாடியில் யாருக்கும் கிடையாது என்றார் எண்பது. அது தரைத் தளத்துப் பழக்கம். பம்பின் முகப்பில் தெரிகிற படங்களையும் பட்டன்களையும் எழுதுகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய பாஷையில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி மாதிரிக் குறி உண்டு. அந்தக் குறி வரும்வரை மெஷின் காத்திருக்கும், எங்கே ஒடித்தாலும் உயிர்ச் சேதம் இல்லை. எந்தக் குறியும் வரித் தலையில் நின்றால்தான் கண்ணுக்குச் சட்டென்று தெரியும் என்பது அவர்கள் வாதம். காற்புள்ளியைக்கூட முன்னால்தான் வைப்பார்கள், எட்டு இடம் உள்ளே தள்ளி. பார்க்கவே சகிக்காது என்று முகத்தைச் சுளித்தார்.

குறடு தாளை எடுத்தாள், பட்டியலில் எண்பதின் பெயரை அடிப்பதற்காக. பேனா காகிதத்தைத் தொட்டது, அப்படியே நின்றுவிட்டது.

அந்த ஆறு பெயரும் மூன்றாம் மாடிக்காரர்கள். தரைத் தளத்து ஆள் ஒருத்தர்கூட இல்லை. ஆனால் இரண்டாவது பெயரின் முன்னால் ஒரு காற்புள்ளி இருந்தது, மூன்றாவதின் முன்னாலும் இருந்தது. பேனா முனையால் இடத்தை எண்ணினாள். எட்டு. காலையில் லொள்ளு அடித்த ஜோக் இப்போது காதில் திரும்பக் கேட்டது. அவனும் அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றான்.

“மேடம்,” என்றான். “நான் சும்மாதான் சொன்னேன்.”

குறடு வலிக்கிற முழங்காலோடு மூன்று மாடி இறங்கி வாசலுக்குப் போனாள். காவலாளி இந்தத் தடவை நோட்டைத் தரமாட்டேன் என்றார். லொள்ளு அவருடைய மீசையைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தான், அதற்குள் அவள் புரட்டிவிட்டாள். அதே வெள்ளிக்கிழமை, அதே பக்கம். புரோகிராமரின் கையெழுத்துக்கு ஆறு வரி கீழே, மூணு நாற்பதுக்கு அவன் மனைவியின் கையெழுத்து. காலையில் கண்ணில் பட்டிருக்க வேண்டியது. தேடினது புருஷன் பெயரைத்தான், அதனால் கண் அங்கேயே நின்றுவிட்டது.

மறுபடியும் மூன்றாம் மாடிக்கு ஏறியபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. விசாரணை அறைக்குப் பக்கத்து அறையில் புரோகிராமர் தனியாக உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். குறடு பட்டியலை அவன் முன்னால் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டான்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“முதல் நாளே. ஸ்க்ரீன்ல அந்த மைனஸைப் பார்த்த உடனே. எட்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம் மேடம். மளிகைச் சாமான் லிஸ்ட்டுகூட அப்படித்தான் எழுதுவா.”

அந்த வெள்ளிக்கிழமையை அவனே சொன்னான். வேலையை முடித்து, பழைய பம்பில் புது பம்பில் எல்லாம் டெஸ்ட் பண்ணி, உள்ளே அனுப்பினான். எண்பத்து நாலு எழுத்து, சிவப்புக் கோடு. மடிக்கப் போன நேரத்தில் ஸ்கூலிலிருந்து போன். மகள் ஊஞ்சலிலிருந்து விழுந்துவிட்டாள், தலையில் அடி. ஓடினான். ஓடும்போது மனைவிக்கு போன் பண்ணி, என் சிஸ்டம் திறந்து கிடக்கிறது, மேலே போய் மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வா என்றான். அவள் மேலே வந்திருக்கிறாள். சிவப்புக் கோட்டைப் பார்த்திருக்கிறாள். திங்கட்கிழமை இவனுக்குத் திட்டு விழக்கூடாது என்று ஒரு தட்டுத் தட்டி மடித்து, அனுப்பிவிட்டு மூடியிருக்கிறாள். மகளுக்கு நாலு தையல். திங்கட்கிழமை இவன் வந்து பார்த்தபோது, உள்ளே போய்விட்டது என்று பச்சை எரிந்தது. வெள்ளிக்கிழமையே தான்தான் மடித்துவிட்டோம் போல என்று இவன் திறந்துகூடப் பார்க்கவில்லை.

“அவளுக்கு இது ஞாபகமே இல்ல. அரை நிமிஷம்கூட ஆகாத வேலை, அதுவும் குழந்தைக்கு என்னாச்சோன்னு பதறிக்கிட்டுச் செஞ்சது. நான்தான் சிஸ்டத்தைத் திறந்து போட்டுட்டுப் போனேன். நான்தான் திங்கக்கிழமை பாக்கல. ஒரு ஆள் செத்துருக்காரு, யாராவது ஒருத்தர் போய்த்தான் ஆகணும். பாப்பாவுக்கு ஒருத்தராவது வீட்டுல இருக்கணும். அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க மேடம். அவ உங்ககிட்ட இதையா கேட்டா?”

“யாருன்னு கேட்டாங்க,” என்றாள் குறடு. “நானா இருந்தா சொல்லாதீங்கன்னு சொல்லல.”

சொல்லிவிட்டாளே தவிர, வெளியே வந்தபோது அவள் மனசு அவன் பக்கம்தான் சாய்ந்தது. ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று எழுதிவிடலாம். இருபது வருடத்தில் அப்படி ஒரு தடவைகூட எழுதியதில்லை, ஒரு தடவை எழுதினால் குடியா முழுகிப்போகும்? லொள்ளுவைப் பார்த்தாள். அவனுக்கும் அதுதான் நினைப்பு என்று முகத்திலேயே தெரிந்தது.

மாடிப்படியில் மனைவி ஓடி வந்தாள். மூன்று நாற்பது. முகமெல்லாம் வீங்கியிருந்தது. யாரென்று தெரிந்ததா என்று கேட்டாள். குறடு வாயைத் திறப்பதற்குள் அவளே பதிலும் சொன்னாள்.

“எண்பதுதானே? நீங்க சும்மா தலையை ஆட்டுங்க போதும். நான் இப்பவே போய் அந்தாளு சட்டையைப் பிடிச்சு, வாசல்ல உக்காந்திருக்காரே அந்த அண்ணன், அவர் முன்னாடி கொண்டுபோய் நிறுத்துறேன்.”

அவள் செய்யக்கூடியவள்தான். பொய் சொன்னால் அது வேறொருத்தன் கழுத்தில் போய் விழும், அந்த எழுத்து எண்ணுகிற மனிதனின் ஒல்லிக் கழுத்தில். குறடு தன் நோட்டை விரித்து அவள் கையில் கொடுத்தாள். அதன் மேல் அந்தப் பட்டியலை வைத்தாள்.

அவளும் புரோகிராமர்தான், அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவள் முதலில் நோட்டிலிருந்த இரண்டு வரியைப் படித்தாள். எங்கே தப்பு என்று உடனே பிடித்துவிட்டாள். ‘ஐயோ, இந்த பாஷைல மைனஸைக் கீழ வைப்பாங்களா, எந்த மடையன்’ என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தினாள். விரலால் புள்ளிகளை எண்ணினாள். பட்டியலைப் பார்த்தாள். மறுபடியும் புள்ளிகளை எண்ணினாள், முதல் தடவை தப்பாக எண்ணியிருப்போம் என்பதுபோல.

“பாப்பா விழுந்த அன்னிக்கு,” என்றாள். “அவருக்குத் தெரியுமா?”

“தெரியும்மா.”

அவள் படியில் உட்கார்ந்துவிடுவாள் என்று குறடு நினைத்தாள். உட்காரவில்லை. நோட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறிப்போய், கதவைத் தட்டாமல் விசாரணை அறைக்குள் நுழைந்தாள். சட்ட ஆலோசகரும், கையெழுத்துப் போட அழைத்து வந்திருந்த புருஷனும் உள்ளே இருந்தார்கள். பின்னாலேயே ஓடிய குறடும் லொள்ளும் அறை வாசலில் நின்றார்கள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள், நேரம், சிவப்புக் கோடு, எட்டு இடம், எதையும் விடாமல். வாசல் நோட்டில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று குறடும் சொன்னாள். சட்ட ஆலோசகர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். அவருடைய பேனா ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை.

“உங்க மனநிலை எனக்குப் புரியுதும்மா. எந்த மனைவிக்கும் இப்படித்தான் இருக்கும். ஆனா பாருங்க, அவரோட மெஷின், அவரோட பேரு. இன்னொரு கை பட்டுதுன்னு நான் எழுதினா, இங்க ஒருத்தர் மெஷினை இன்னொருத்தர் எப்படித் தொட்டாங்கன்னு கேப்பாங்க. அனுப்பினதை யார் படிச்சாங்கன்னு கேப்பாங்க. ஏன் மடிக்கணும்னுகூடக் கேப்பாங்க. அப்புறம் இது ஒருத்தர் தப்பா இருக்காது.”

அதைவிட நாகரிகமாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள், வேண்டுமானால் கம்பெனி வண்டியைக் கொண்டுவந்து விடச் சொல்கிறேன் என்றார்.

மனைவி புருஷனைப் பார்த்தாள். நீயாவது சொல்லு என்று கெஞ்சினாள். அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பாப்பாவை ஸ்கூலிலிருந்து கூப்பிடுகிற நேரமாச்சு என்று மட்டும் சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டான். நாலு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. அந்தக் கம்பெனியில் ஒரு வேலை சொன்ன நேரத்துக்கு முன்பே முடிந்தது அன்றைக்குத்தான் இருக்கும் என்று லொள்ளு சொன்னான்.

அவள் அழாமல் வெளியே வந்தாள். குறடு பின்னாலேயே போனாள். கேஸை எடுத்தபோது இந்தப் பெண்ணுக்குப் புருஷன் இருந்தான், தூக்கமும் இருந்தது. இப்போது இரண்டும் இல்லை, இரண்டையும் பறித்த கை குறடினுடையது. மன்னித்துவிடும்மா என்று சொல்லத்தான் கிட்டே போனாள். அதற்குள் அவள் வாசலைத் தாண்டி, ரோட்டையும் தாண்டிவிட்டாள்.

பெஞ்சிலிருந்த மனிதர் யாரோ உட்கார வருகிறார்கள் என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்தாள். குறடும் லொள்ளும் பத்தடி தள்ளி நின்றுவிட்டார்கள்.

“அண்ணே, நான் இங்க உள்ள வேலை பாக்கறவ. உங்க தம்பி சாவுக்கு என் வீட்டுக்காரர்தான் காரணம்னு எழுதி வாங்கிட்டாங்க. அவர் இல்ல, நான். உங்க வக்கீல்கிட்ட சொல்லுங்க, எந்தக் கோர்ட்டுக்கு வேணாலும் வந்து சொல்றேன்.”

அவர் கத்தவில்லை. அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார், பதினெட்டு நாளில் அந்த வாசலிலிருந்து வந்து தன்னிடம் பேசிய முதல் ஆளை. என்ன செய்தீங்க என்று கேட்டார். அவள் நோட்டை விரித்துக் காட்டினாள். அவர் தம்பியின் படத்தைப் பையில் வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த இரண்டு வரியையும் விரல் வைத்துப் படித்தார். டாக்டர் சொன்னது. ஏற்கெனவே உள்ளே போனது. இரண்டுக்கும் நடுவில் அந்தப் புள்ளிகள்.

“இது ஒரே வரியா இருந்துச்சு. நான் ரெண்டா மடிச்சேன். அதனாலதான்.”

“மடிக்காம இருந்திருந்தா?”

“அவர் இன்னைக்கு பஸ் ஓட்டிக்கிட்டு இருப்பாரு.”

ஒரு பஸ் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை. அது போகும்வரை அவர் காத்திருந்தார்.

“எதுக்கும்மா மடிச்சீங்க?”

அவள் யோசித்தாள். எண்பது, சிவப்புக் கோடு, பழைய ஸ்க்ரீன், திங்கட்கிழமைத் திட்டு என்று சொல்ல எத்தனையோ இருந்தது.

“நீளமா இருந்துச்சுண்ணே,” என்றாள்.